வேடிக்கை பார்க்க மனிதர்களா?

ஆவடி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சுற்றுலாக் கடையின் பலகை தொங்குகிறது. நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. "அந்தமான் - பூலோக சொர்க்கம்! ஐந்து பகல், நான்கு இரவு!" என்று கொட்டை எழுத்து. கீழே பட்டியல்: முதுகில் காற்றுருளை கட்டிக்கொண்டு பவளப் பாறைகளிடையே நீந்தலாம், சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகலாம், பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையைக் காணலாம், கடலாமை முட்டையிடுவதை நேரில் பார்க்கலாம்!

முதல் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிகள் அந்தப் பலகையின் நிழலில்தான் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் கேட்டார்: "ஏன் தோழர், நம்மைப் போன்றவன் இதையெல்லாம் பார்க்கவே கூடாதா?"

நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பார்க்க வேண்டும் தோழரே, அவசியம் பார்க்க வேண்டும்! காடும் கடலும் பணக்காரன் பாட்டன் சொத்தல்ல. கம்யூனிஸ்டுகள் உல்லாசத்துக்கு விரோதிகள் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். சுத்தப் பொய்! எட்டு மணி நேர வேலை கேட்டவன், மிச்ச நேரத்தில் மனிதனாக வாழத்தானே கேட்டான்? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று எழுதியது. ஆனால் காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்த விடுமுறை ஏட்டுச் சுரைக்காய்தான். விவசாயத் தொழிலாளிக்கோ அதுவும் கிடையாது. வேலையில்லாத நாள் அவனுக்கு விடுமுறை அல்ல, பட்டினி! ஓய்வும் உல்லாசமும் நமக்கும் உரிமை. அதில் சந்தேகமில்லை.

ஆனால், அந்தப் பலகை ஒரு விஷயத்தை மறைக்கிறது. பாராடாங் குகைக்குப் போகும் சாலை எதன் வழியாகப் போகிறது? அதைச் சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்.

சாலை போகும் வழி

அந்தமான் தலைநகரத்துக்கு நேற்று வரை போர்ட் பிளேர் என்று பெயர். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை ஓடும் பெருஞ்சாலை, ஜாரவா மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு செல்கிறது. ஜாரவாக்கள் வேட்டையாடியும், மீன் பிடித்தும், தேனெடுத்தும் வாழும் ஆதிகுடிகள். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அவர்கள் 380 பேர். நமது ஆலையொன்றின் ஒரே ஷிப்டில் அதைவிட அதிகம் பேர் வேலை செய்கிறார்கள்!

இந்த ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, "சோஷலிச பாணி சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே, 1956-ல், அந்தமான் ஆதிகுடிகளைப் பாதுகாக்க ஒரு சட்டமும் வந்தது. அவர்கள் காட்டுக்குள் அந்நியர் நுழையக் கூடாது என்றது சட்டம். சரி. ஆனால் 1970-களில் அதே சர்க்கார் அதே காட்டுக்குள் சாலை போட்டது! சாலை போட்ட கூலிகளில் சிலர் ஜாரவா அம்புக்கு இரையானார்கள். ஜாரவாக்களும் உயிரிழந்தார்கள். பிழைக்க வந்த ஏழை ஒரு பக்கம், பிறந்த மண்ணைக் காத்த ஏழை மறுபக்கம். சாலை போட உத்தரவிட்டவர்களுக்கு ஒரு கீறல் கூட இல்லை!

1997-க்குப் பிறகு ஜாரவாக்கள் பகைமை விட்டுக் காட்டுக்கு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியார் நோயை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடம்புக்கு இல்லை. பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டிஷார் 1858-ல் சிறைக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் வாழ்ந்த கிரேட் அந்தமானியர், நோயாலும் வன்முறையாலும் அழிந்து, 1961-ம் ஆண்டுக் கணக்கில் 19 பேராகக் குறுகினார்கள்.

2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது: ஜாரவா காட்டுக்குள் செல்லும் சாலையை மூடு! மூடினார்களா? இல்லை. போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தாதே, படமெடுக்காதே என்று அறிவிப்புப் பலகை மட்டும் உண்டு. வண்டிக்குள் இருந்தவர்களோ, புலியைத் தேடுவதுபோல் மனிதர்களைத் தேடினார்கள்.

2012 ஜனவரியில் ஒரு லண்டன் பத்திரிகை வெளியிட்ட படம் உலகத்தையே குலுக்கியது. ஜாரவாப் பெண்களுக்கு உணவைக் காட்டி, "ஆடு, ஆடு" என்று ஆட வைக்கிறார்கள்! தோழர்களே, பண்ணையார் வாசலில் ஒரு பிடி நெல்லுக்காக நம் தாய்மார்கள் கையேந்தி நின்ற காலம் நமக்கு மறந்துவிட்டதா? அந்த அவமானத்தின் ருசி அறிந்தவர்கள் நாம். இதைப் பார்த்துச் சிரிக்க நம்மால் முடியுமா?

2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சுற்றுலா வண்டிகளைத் தடை செய்தது. மார்ச்சில் அந்தத் தடை விலகியது. 2002-ம் ஆண்டு உத்தரவோ முழுமையாக நிறைவேறவே இல்லை.

அவர்கள் வாதமும் நம் பதிலும்

"சாலையை மூடினால் வடக்கே குடியிருக்கும் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்கள்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளும், ராஞ்சிப் பகுதியிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்ட கூலிகளின் சந்ததியும், பிழைக்கப் போன தமிழர்களும் அங்கே இருக்கிறார்கள். எல்லோரும் நம்மவர்கள். ஆனால் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும், குகை பார்க்கப் போகும் உல்லாசப் பயணியும் ஒன்றா? நோயாளியை முன்னே நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றுலா வியாபாரம் ஒளிந்துகொள்கிறது! தீவுக்கூட்டத்தைச் சுற்றிலும் கடல். போதிய கப்பல் விடு, வடக்கே நல்ல ஆஸ்பத்திரி கட்டு. குகை பார்க்கிறவர் கடல் வழியே போகட்டும்.

"அவர்களை நாகரிகத்துக்குக் கொண்டுவர வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். பிஸ்கட்டை வீசி ஆடச் சொல்வதா நாகரிகம்? எப்போது வெளியே வருவது, எப்படி வாழ்வது என்பதை ஜாரவாக்கள் தாங்களே முடிவு செய்யட்டும். அது அவர்கள் உரிமை.

ஆமைக்கும் அதே கதி

பலகையில் கடைசியாக இருப்பது ஆமை. திக்லிப்பூர் அருகே காலிப்பூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுவதைக் காட்டிச் சுற்றுலா நடக்கிறது. அதே தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், கிரேட் நிக்கோபாரின் கலத்தியா வளைகுடாவுக்கு, உலகிலேயே பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை முட்டையிட வருகிறது. அந்த வளைகுடா சரணாலயமாக இருந்தது. 2021 ஜனவரியில் சரணாலயம் என்ற பட்டத்தையே பிடுங்கிவிட்டார்கள்! ஏன்? துறைமுகம் வேண்டுமாம். விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் எல்லாம் சேர்த்து 166 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. அழியும் மழைக்காட்டுக்கு ஈடாக எங்கே மரம் நடுவார்களாம்? ஹரியானாவில்!

அந்தத் தீவின் நிக்கோபாரிகள் 2004 சுனாமியில் ஊரிழந்து முகாமுக்கு வந்தவர்கள். பழைய ஊருக்குத் திரும்ப விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். திட்டத்துக்குக் கொடுத்த சம்மதத்தை அவர்களது பழங்குடி கவுன்சில் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. கேட்டார் உண்டா? ஒரு கரையில் ஆமையைக் காட்டிக் காசு. மறு கரையில் ஆமையைத் துரத்திக் காசு. லாபத்துக்கு ஆமையும் ஒன்றுதான், ஆதிகுடியும் ஒன்றுதான்!

நமது பதில்

பலகையின் கீழே நின்று கேட்ட தோழரே! நீங்கள் கடலைக் காண வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வேண்டும், வயலில் உழைப்பவனுக்கும் வேண்டும். உழைப்பாளி குடும்பம் தங்கிப் பார்க்கக் குறைந்த கட்டணத்தில் சர்க்கார் விடுதிகள் வேண்டும். பவளப் பாறையைப் பாருங்கள், பறவையைப் பாருங்கள். ஆனால் இன்னொரு மனிதனை வேடிக்கைப் பொருளாக்கும் சாலையில் நாம் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லுங்கள்.

சுற்றுலா வண்டிகளை ஜாரவா காட்டை விட்டு வெளியேற்று! வடக்கு அந்தமான் மக்களுக்குக் கப்பலும் ஆஸ்பத்திரியும் கொடு! நிக்கோபாரிகளை அவர்கள் ஊருக்குத் திரும்ப விடு! இவை அந்தமான் மக்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. ஆவடித் தொழிலாளியும், திருவள்ளூர் வயலில் நாற்று நடும் பெண்ணும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், டில்லிக்கு அனுப்புங்கள்!