கொழுந்துக்குக் கணக்குண்டு, கூரைக்கு இல்லையா?

பட்டிப்பொல ரயில் நிலையப் பலகையில் 6,226 அடி என்று எழுதியிருக்கிறது. இலங்கை ரயில் பாதையில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பலகையோடு படம் எடுத்து, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். இந்தக் குளிரில் துவைத்த துணி எப்படிக் காயும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. இங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் குடும்பங்கள் வாழும் காம்பரா என்ற அறை வரிசைகளில், பீலியில் அலசிப் பிழிந்த பள்ளிச் சட்டை இஸ்தோப்புக் கொடியில் மூன்று நாள் தொங்கியும் ஈரம் போகாமல், கடைசியில் அடுப்புக்கு மேலே ஏறுகிறது. திங்கட்கிழமை பிள்ளை புகை நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போகிறது.

அந்தக் கொடிக்கு ஒரு சாண் மேலே மின்கம்பி ஓடுகிறது. பக்கத்துக் காம்பராவுக்கும் சேர்த்து இழுத்த கம்பி. முடிச்சில் சுற்றிய டேப் புகை பட்டுக் கருகிக் கிடக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் தவணைக்கு வாங்கி அனுப்பிய சலவை இயந்திரம், செருகினால் லயமே இருண்டுவிடும் என்பதால், பிளாஸ்டிக் உறை கழற்றாமல் அரிசி மூட்டையைச் சுமந்து நிற்கிறது. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்களில் ஒன்று பற்றினால் வரிசையே போய்விடும். மறுநாள் பத்திரிகையில் ‘மின்னொழுக்கு காரணமாக’ என்று ஒரு வரி வரும். நாமும்தான் அப்படி எழுதிப் பழகிவிட்டோம். மாற்ற வேண்டிய கம்பியை மாற்றாமல் விட்டவர் யார் என்று அந்த வரி சொல்வதில்லை.

தோட்டங்களை அரசு 1970களில் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, ஒழுகும் கூரை மட்டும் தொழிலாளியுடையது. பிரதேச சபையிடம் போனால், 1987ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துக்குள் செலவழிக்க விடாது என்று பல வருஷம் கைவிரித்தார்கள். அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டது. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

“வாடகையா வாங்குகிறோம்?” என்று கேட்கும் துரைமார் உண்டு. வீட்டில் ஒருவர் பேராவது செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரைதான் காம்பரா என்றால், வாடகை நாள்தோறும் கொழுந்துக் கூடையில் நிறுத்து வாங்கப்படுகிறது என்றுதான் பொருள். கொழுந்தில் ஈரம் என்று கிலோவைக் கழிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குச் சுவரின் ஈரம் கண்ணில் படவில்லை. பொறுக்க முடியாமல் சொந்தக் காசில் தகரம் மாற்றப் போனால், “யாரைக் கேட்டு மாற்றினாய்?” என்று விசாரணை வேறு.

பழைய கட்டடம், திருத்திக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். இதே மலைநாட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகி, வெந்நீர்க் குழாயும் கணப்பும் வெள்ளை விரிப்புமாய் மினுங்குகின்றன. லயத்தின் மேல் பெய்யும் மழைதானே அவற்றின் மேலும் பெய்கிறது?

புது வீடு வருகிறது, பொறுங்கள் என்பது அடுத்த பதில். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் அறிவித்தபோது கைதட்டியவர்கள் நாம். தனிவீடும் காணியுறுதியும் வந்தே தீர வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வரப்போகும் வீட்டைக் காட்டி, இருக்கும் கூரையை ஒழுகவிடுவது அயோக்கியத்தனம். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அடுத்த தென்மேல் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு லயத்தின் மின்கம்பியும் சோதிக்கப்பட்டு, பழையது பிடுங்கப்பட்டு, காம்பராவுக்கு ஒரு டிரிப் சுவிட்சாவது பூட்டப்பட வேண்டும். கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் ஆள் வரும் என்பதை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். தானே திருத்திக்கொள்பவரை விசாரணைக்கு இழுப்பதை நிறுத்துங்கள். லயத்துக்கொரு துணி உலர்த்தும் கொட்டகை போடுங்கள்: நாலு மரக்கால், வெளிச்சம் விடும் கூரை, காற்றோட்டம். கொழுந்து வாட, ஸ்டோர் என்ற தேயிலை ஆலையில் மாடி கட்டி, இரவெல்லாம் விசிறி சுழற்றுகிறவர்களுக்கு இது பெரிய வித்தையல்ல.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தா மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிபடுகிறது. நாட்சம்பளத்துக்கு மட்டும் மேசைக்குப் போகாமல், இம்முறை அந்த ஓட்டைத் தகரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.