கிராண்ட்மாஸ்டர் பட்டம்: தடையாக நிற்பது திறமையா, செலவா?

புது தில்லி: பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது ஆனேக்கல் வட்டம். அங்குள்ள அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர், தமிழகம் தொடங்கிவிடுகிறது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இருபுறமும் கலந்தே ஒலிக்கின்றன. ஆனால் சதுரங்கத்தைப் பொருத்தவரை இந்த எல்லைக்கோடு பெரிய இடைவெளியாக உள்ளது. நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். கர்நாடகம் அந்த நிலையை எட்ட மேலும் 29 ஆண்டுகள் ஆயின. ரயில்வே ஊழியரான மைசூரு தேஜ்குமார் 2017-ல் நாட்டின் 50-வது கிராண்ட்மாஸ்டராகி, அம்மாநிலத்தின் முதல்வர் என்ற பெருமையைப் பெற்றார். பெங்களூரின் பிரணவ் ஆனந்த் 2022-ல் தமது 15-வது வயதில் 76-வது கிராண்ட்மாஸ்டரானார். திறமைக்கு அங்கும் பஞ்சமில்லை என்பதற்கு இவர்களே சான்று.

அப்படியானால் தடை எது? பட்டத்துக்கான விதிகளைப் பார்த்தால் விடை புலப்படும். 2,500 தரப்புள்ளிகளை எட்டுவதுடன், தகுதிச் சுற்று எனப்படும் 'நார்ம்' மூன்றையும் பெற வேண்டும். அதற்குக் கிராண்ட்மாஸ்டர்களையும் வெளிநாட்டு வீரர்களையும் எதிர்கொண்டு சிறப்பாக ஆட வேண்டும். உள்நாட்டில் அத்தகைய போட்டிகள் போதிய அளவில் நடைபெறாதபோது, ஐரோப்பியப் போட்டிகளை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஊதியம் ஆகிய அனைத்தும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. 2024-ல் உலக சாம்பியனான குகேஷுக்காக அவருடைய தந்தை தமது மருத்துவப் பணியையே நிறுத்திவைத்தார் என்பது நாடறிந்த செய்தி.

தமிழக வீரர்களுக்கும் இந்தப் பாதை எளிதாக இருந்ததில்லை. நாகர்கோவிலில் பிறந்த ஷியாம்நிகில் 2012-லேயே 2,500 புள்ளிகளையும் இரண்டு நார்ம்களையும் பெற்றுவிட்டார். மூன்றாவது நார்முக்காக 12 ஆண்டுகள் காத்திருந்து, 2024-ல் துபாயில்தான் அதை அடைந்தார்.

எனினும் தமிழகத்தில் அரசின் கை தொடர்ந்து நீண்டு வந்துள்ளது. 2013-ல் உலக சாம்பியன் போட்டி, 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் என, ஆட்சிகள் மாறியபோதும் ஆதரவு மாறவில்லை. 2023 டிசம்பரில் மாநில அரசின் ஆதரவுடன் நடைபெற்ற சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றதே, கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற குகேஷுக்குக் கைகொடுத்தது. உரிய நேரத்தில் உள்ளூரில் நடத்தப்பட்ட ஒரு போட்டி, உலக சாம்பியன் பட்டத்துக்கான வாசலைத் திறந்தது.

கர்நாடகமும் இதை உணரத் தொடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. 2024 ஜனவரியில் பெங்களூரில் சர்வதேச கிராண்ட்மாஸ்டர்கள் ஓபன் போட்டி நடைபெற்றது. அதுபோன்ற போட்டிகள் ஆண்டுதோறும் தவறாமல் நடைபெற்றால்தான் பயன் கிட்டும்.

தில்லியின் பொறுப்பும் குறைந்ததல்ல. தேஜ்குமாருக்கு ரயில்வே வழங்கியதைப் போன்ற விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளே பல வீரர்களுக்கு வாழ்வாதாரம். பட்டம் வென்றவர்களுக்குக் கோடிகளில் பரிசு வழங்க அரசுகள் முந்துகின்றன. ஆனால் 2,400 புள்ளிகளுக்கும் 2,500 புள்ளிகளுக்கும் இடையே, பரிசுத் தொகையும் நிலையான வருமானமும் இன்றித் தவிக்கும் வீரர்களைத் திரும்பிப் பார்ப்போர் குறைவு.

ஆனேக்கல் வட்டத்தின் பொம்மசந்திராவிலோ ஜிகினியிலோ ஒரு தொழிலாளியின் மகளுக்கு இந்த ஆட்டத்தில் அபாரத் திறமை இருப்பதாகக் கொள்வோம். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் அவர் வென்றுவிடலாம். அதன் பிறகு, வேலையை நிறுத்திவிட்டு மகளுடன் நாடு நாடாகச் செல்ல அந்தத் தந்தையால் இயலுமா? வெற்றிக்குப் பிறகு வரும் கோடிகளைவிட, அந்த நேரத்தில் கிடைக்கும் சில லட்சங்களே அவருடைய எதிர்காலத்தை முடிவு செய்யும்.