தடி எடுத்தால் குட்டி படியுமா?

"அடியாத மாடு படியாது" எண்டு சொல்லிச் சொல்லியே திருகோணமலையில நாய்க்குட்டிக்கும் தடி எடுக்கிறம். அடி வாங்கின குட்டி படிக்கிறது ஒண்டைத்தான்: தடியோட ஆள் நிண்டால் பேசாமல் இரு. ஆள் வேலைக்குப் போனால்? படலையால பாய்ஞ்சு, பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மேயிற புள்ளிமானைத் துரத்தும். பிறகு அதையே "கட்டாக்காலி" எண்டு ஏசுவம்.

பலன் தரும் நடத்தைதான் திரும்பத் திரும்ப வரும் என்று ஸ்கின்னர் 1938இலேயே எலிகளை வைத்துக் காட்டிவிட்டார். முள் எடுத்த அவிச்ச மீன் துண்டொண்டைக் கைக்குள்ள பொத்திப் பிடியுங்கோ. குட்டி நக்கும், பிறாண்டும், குரைக்கும். கையைத் திறக்காதேங்கோ. அது மூக்கைப் பின்னுக்கு எடுக்கிற அந்த நொடியில திறந்து குடுங்கோ. சோத்துக் கோப்பைக்கும் படலைக்கும் இதே விதிதான்: "இரு" எண்டால் இருக்கோணும், இருந்தால்தான் கிடைக்கும். ஒரு தரத்துக்கு ஐஞ்சு நிமிசம் போதும்.

"இதுக்கெல்லாம் ஆருக்கு நேரம்?" எண்டு கேக்கிறவையிட்ட ஒரு கேள்வி. நாலு மாசக் குட்டியிட்டச் சுயகட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறியள். ஒரு செருப்பைக் கடிச்சதுக்கே கை ஓங்கிற உங்களிட்ட அது எங்க?