ஒரு வலைப்பூவை மதிப்பிடுவது எப்படி?

தமிழில் புத்தக மதிப்புரைக்கு நீண்ட மரபு உண்டு. திரை விமர்சனத்துக்கும் உண்டு. ஆனால் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் இணையத்தில் எழுதிவரும் வலைப்பூவைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. நண்பர்கள் 'அருமை, தொடருங்கள்' என்பார்கள். மற்றவர்கள் கண்ணில் பட்ட ஒரு குறையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டாலும் எழுதுபவருக்கு அடுத்து என்ன செய்வதென்று புரிவதில்லை. புதிதாக வரும் வாசகருக்கும் அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிவதில்லை. வலைப்பூவை முறையாக மதிப்பிடுபவர் எதை, எந்த வரிசையில் பார்க்கிறார் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

ஒரு புத்தகத்துக்குப் பின்னால் ஆசிரியர், பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வடிவமைப்பாளர், அச்சகத்தார் எனப் பலர் இருக்கிறார்கள். வலைப்பூவில் இத்தனை வேலையும் ஒருவர் தலையில் விழுகிறது. மேலும், புத்தகம் அச்சாகிவிட்டால் முடிந்தது. வலைப்பூ இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் சுட்டிக்காட்டிய குறையை எழுதியவர் மாலைக்குள் சரிசெய்துவிட முடியும். எனவே வலைப்பூ மதிப்புரை வாசகருக்கு அறிமுகமாகவும் எழுதுபவருக்குத் திருத்தக் குறிப்பாகவும் ஒரே நேரத்தில் பயன்பட வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு தொழில்நுட்பப் பின்னணியும் உண்டு. தொடக்கத்தில் சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருக்க விரும்பியவர், அதை உருவாக்கும் குறிமொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1999இல் வந்த பிளாகர் சேவை அந்தத் தேவையைக் குறைத்தது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டில் வேர்ட்பிரஸ் வெளியானது. இவை வார்ப்புருக்களைத் தந்தன. வார்ப்புரு என்பது பக்கத்தின் அமைப்பு, நிறம், எழுத்தின் அளவு ஆகியவற்றை முன்கூட்டியே முடிவுசெய்து கொடுக்கும் அச்சு. எழுதுபவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் எழுத்தை இட்டால் போதும். தமிழ் வலைப்பூக்கள் 2003ஐ ஒட்டிப் பெருகத் தொடங்கின. 2004இல் தமிழ்மணம் வந்தது. பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் இத்தகைய தளத்துக்குத் திரட்டி என்று பெயர். முன்பின் அறியாத பதிவர்கள் ஒருவரை ஒருவர் படிக்கத் திரட்டிகள் வழிசெய்தன.

வார்ப்புருவைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. மதிப்பிடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது: நான் பார்க்கும் இந்தக் குறை எழுதியவரின் தேர்வா, வார்ப்புருவோடு வந்ததா? எழுத்து மிகச் சிறியதாக இருப்பது பெரும்பாலும் வார்ப்புருவின் வேலை. தலைப்பு எதையும் சொல்லாமல் இருப்பது எழுதியவரின் வேலை. முதலாவதை மாற்ற அமைப்புப் பக்கத்தில் சில நிமிடங்கள் போதும். இரண்டாவதை மாற்றப் பழக்கமே மாற வேண்டும்.

வடிவமைப்பையும் எழுத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு இணைய வரலாற்றில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2003இல் டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கினார். சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தை மட்டும் விவரிக்கும் மொழி. அதைத் தனிக் கோப்பில் வைக்கலாம். அந்தத் தளத்தில் உரை ஒன்றே. ஒரு சொல்லும் மாறாது. வடிவமைப்பாளர்கள் ஆளுக்கொரு தோற்றக் கோப்பை அனுப்பினார்கள். அதே உரை ஒரு தோற்றத்தில் பழைய சுவரொட்டி போலவும், இன்னொன்றில் நாளிதழ் போலவும் தெரிந்தது. சொல் மாறாமல் தோற்றம் முழுக்க மாறலாம் என்றால், ஒன்றின் குறையை மற்றொன்றின் கணக்கில் எழுதக் கூடாது.

வடிவமைப்பில் முதலில் பார்ப்பது அழகை அன்று. படிக்க முடிகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இதற்கு ஓரளவு அளவுகோல்கள் உள்ளன. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை நிறமாறுபாடு என்கிறோம். வெள்ளையில் வெள்ளை எழுதினால் அது 1. வெள்ளையில் முழுக் கறுப்பு என்றால் 21. இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, வழக்கமான அளவுள்ள எழுத்துக்கு இது 4.5க்குக் குறையக் கூடாது என்கிறது. பெரிய எழுத்துக்கு 3 போதும். 999999 என்ற எண் கொண்ட சாம்பல் நிறம் இணையத்தில் அடிக்கடி காணக்கூடியது. வெள்ளைப் பின்னணியில் அதன் நிறமாறுபாடு ஏறத்தாழ 2.8தான். கணினித் திரையில் நாகரிகமாகத் தெரியும் அந்தச் சாம்பல், வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைபேசியில் படிப்பவருக்கு மங்கிப்போகிறது. 767676 என்ற சற்றே அடர்ந்த சாம்பல் 4.5ஐ எட்டிவிடுகிறது. எனவே 'எழுத்து மங்கலாக இருக்கிறது' என்று சொல்வதோடு நிறுத்தாமல் எந்த அளவுக்கு, எதை மாற்றினால் போதும் என்றும் சொல்லலாம்.

அடுத்தது வரியின் நீளமும் வரிகளுக்கு இடையிலான வெளியும். மேற்கத்திய அச்சுக்கலை நூல்கள் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகளை வசதியான அளவாகக் கொள்கின்றன. அதைவிட நீண்டால் வரி முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் தடுமாறுகிறது. இந்த எண் ரோமன் எழுத்தை வைத்துச் சொன்னது. தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, அதன் காரணம் மட்டும் பொருந்தும். தமிழில் 'கி', 'கீ' போன்றவற்றின் கொக்கிகள் மேலே எழுகின்றன. 'கு', 'மூ' போன்றவற்றின் வளைவுகள் கீழே இறங்குகின்றன. வரிகள் நெருங்கினால் மேல் வரியின் வளைவும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருவில் தமிழைக் கொட்டும்போது இது அடிக்கடி நேர்கிறது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். அதில் பதினைந்து எழுத்துகள். கைபேசித் திரையின் ஒரு வரியில் இப்படிப்பட்ட சொல் ஒன்றோ இரண்டோதான் அடங்கும். புத்தகத்தைப் போல இருபுற ஓரங்களையும் நேராக்கும்படி அமைத்திருந்தால், மிஞ்சும் இடத்தை மென்பொருள் சொற்களுக்கு நடுவே பரப்பிவிடும். வரிக்கு வரி வெள்ளை ஓட்டைகள் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்தால் இது தீர்ந்துவிடும். ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் தமிழில் இல்லை. ஆகவே துணைத்தலைப்பை உரையிலிருந்து பிரித்துக்காட்ட அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெளி ஆகியவற்றையே நம்ப வேண்டும். தமிழ்ப் பக்கத்தை மதிப்பிடுபவர் இவற்றைத் தனியே கவனிப்பது நல்லது.

பழைய வலைப்பூ என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுத்தரமான யூனிகோடு பரவும் முன், தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்களும் திஸ்கி போன்ற குறியாக்கங்களும் புழங்கின. உரிய எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அந்தப் பக்கங்கள் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தேடுபொறியாலும் அவற்றைத் தமிழாக அறிய முடியாது. அப்படி ஒரு பதிவு கண்ணில் பட்டால், அதை யூனிகோடுக்கு மாற்றச் சொல்வதே அந்த வலைப்பூவுக்குச் செய்யும் பெரிய உதவியாக இருக்கலாம்.

படிக்க முடிகிறது என்றானபின் பார்க்க வேண்டியது, வேண்டியதைக் கண்டடைய முடிகிறதா என்பது. வலைப்பூ இயல்பாகவே புதியதை மேலேயும் பழையதைக் கீழேயும் அடுக்குகிறது. நல்ல பதிவாக இருந்தாலும் சில மாதங்களில் அது அடியில் போய்விடும். இணையத் தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், வலைப்பூ வடிவமைப்பில் நேரும் பத்துத் தவறுகளை 2005இல் பட்டியலிட்டார். எழுதுபவர் யாரென்று சொல்லாமல் இருப்பது, எதையும் உணர்த்தாத தலைப்பு, எங்கே போகும் என்று தெரியாத இணைப்பு, சிறந்த பழைய பதிவுகளைப் புதையவிடுவது, நாள்காட்டியை மட்டுமே வழிகாட்டியாக வைப்பது ஆகியவை அவற்றில் சில. இன்றும் இவை பொருந்துகின்றன. முதன்முறை வருகிற வாசகருக்கு '2011 மார்ச்' என்ற சுட்டி எதையும் சொல்வதில்லை. 'எங்கள் ஊர்க் கதைகள்' என்று எழுதியிருந்தால் அவர் உள்ளே போவார்.

இனி எழுத்து. ஒரு கற்பனைப் பதிவை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் தன் ஊரில் மூடப்பட்ட திரையரங்கைப் பற்றி எழுதுகிறார். தலைப்பு 'நினைவலைகள் - 14'. முதல் பத்தி இப்படித் தொடங்குகிறது: 'எங்கள் ஊர்த் திரையரங்கம் மூடப்பட்டது மிகுந்த வேதனை அளிக்கிறது. மறக்க முடியாத பல இனிய நினைவுகளைத் தந்த இடம் அது.' நான்காவது பத்தியில் இந்த வரிகள் வருகின்றன: 'டிக்கெட் கொடுத்த சன்னல் இப்போது ரீசார்ஜ் கடை. கை மட்டும் நுழையும் அந்தப் பழைய ஓட்டை வழியாகத்தான் மீதிச் சில்லறை வாங்கினேன்.'

முதல் பத்தியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது எந்த ஊரின் எந்தத் திரையரங்குக்கும் பொருந்தும். நான்காவது பத்தி இந்த ஒரு திரையரங்குக்கு மட்டுமே பொருந்தும். அங்கே வேதனை என்ற சொல் இல்லை, இருந்தும் வாசகருக்கு அது கிடைத்துவிடுகிறது. 'உங்கள் எழுத்தில் செய்நேர்த்தி குறைவு' என்று இதை மதிப்பிட்டால் எழுதியவருக்குக் கையில் எதுவும் சிக்காது. 'நான்காவது பத்தியிலிருந்து தொடங்குங்கள். தலைப்பில் திரையரங்கின் பெயரைச் சொல்லுங்கள்' என்றால் அன்றே செய்துவிடலாம். தனிப்பட்ட எழுத்தில் உண்மையான தொடக்கம் பல நேரம் நடுவில் கிடக்கும். எழுதுபவர் எழுதியெழுதித்தான் அந்த இடத்துக்கு வந்துசேர்கிறார். கூடவே, பதிவின் எந்த வரி உயிருள்ளது என்று சொல்வதும் மதிப்புரையின் பாதி வேலை. எழுதியவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

நடையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை வேண்டும். வலைப்பூவில் நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அப்படியே வரும். வட்டாரச் சொல்லைப் பிழையாக எண்ணித் திருத்தக் கூடாது. கவனிக்க வேண்டியது ஒருமை. எழுத்து நடையில் தொடங்கிக் காரணமின்றிப் பேச்சு நடைக்குத் தாவினால் அதைச் சுட்டலாம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை ஆகியவற்றையும் ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகளோடு சொன்னால் போதும். நூறு பிழைகளின் பட்டியல் ஆசிரியரின் சிவப்பு மையாகத் தெரியுமே தவிர மதிப்புரையாகாது. தகவல் சொல்லும் பதிவு என்றால் நேர்மைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு: எழுதிய தேதி இருக்கிறதா, தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறாரா, பின்னர் திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிடுகிறாரா.

எத்தனை பதிவுகளைப் படிப்பது? எல்லாவற்றையும் படிப்பது பெரும்பாலும் இயலாது. அண்மைப் பதிவு மட்டும் போதாது. அது தற்செயலாகச் சிறந்ததாகவோ மோசமானதாகவோ இருக்கலாம். முதல் பதிவு, கடைசிப் பதிவு, நடுவிலிருந்து இரண்டு மூன்று, எழுதியவரே பெருமையாகச் சுட்டும் ஒன்று எனப் படித்தால் போக்கு தெரிந்துவிடும். கணினியில் ஒருமுறை, கைபேசியில் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். படிக்கும்போதே எங்கே நின்றோம், எங்கே தாண்டினோம், எங்கே தேடித் திணறினோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்புரையின் மூலப்பொருள் இந்தக் குறிப்புகள்தான். 'பக்கம் நெரிசலாக உள்ளது' என்பது முடிவு. 'பக்கப்பட்டையில் இருந்த கடிகாரம், வருகை எண்ணி, விருதுப் படங்கள் எல்லாம் ஏறிமுடித்த பிறகே பதிவு கண்ணில் பட்டது' என்பது கண்டது. கண்டதை முதலில் எழுதினால் முடிவை வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்வார்.

சிலவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் முறையின் பகுதி. வருகையாளர் எண்ணிக்கை ஒன்று. வலைப்பூவை ஐம்பது உறவினருக்காக ஒருவர் எழுதலாம். அதில் ஐம்பதாயிரம் பேரைத் தேடுவது பொருத்தமில்லை. எழுதுபவரின் வாழ்க்கை இன்னொன்று. வலைப்பூவில் எழுத்தும் ஆளும் நெருங்கி நிற்பதால், எழுத்தைச் சொல்ல வந்தவர் ஆளைச் சொல்லிவிடுவது எளிதில் நேரும். தாயின் மறைவைப் பற்றிய பதிவில் நீளம் மிகுந்திருந்தால், நீளத்தைப் பற்றிப் பேசலாம். துயரத்தின் அளவைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே அளவுகோல் எல்லா வலைப்பூவுக்கும் இல்லை என்பது விளங்கும். சமையல் குறிப்பு எழுதுபவரிடம் பொருள்களின் பட்டியல் உடனே கண்ணில் படுகிறதா என்று கேட்கலாம். நாட்குறிப்புப் போல எழுதுபவரிடம் அதே விரைவைக் கேட்க முடியாது. எழுதுபவர் எதைச் செய்ய முயல்கிறார் என்று முதலில் கண்டுகொண்டு, வடிவமும் மொழியும் அதற்கு உதவுகின்றனவா என்று கேட்பதே நியாயம். மதிப்புரையில் சொல்லும் திருத்தங்கள் இரண்டு மூன்றாக இருந்தால் செய்யப்படும். இருபதானால் பதிவர் வலைப்பூவையே மூடிவிடக்கூடும். அவற்றோடு, எதை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒன்றையும் சேர்த்துச் சொல்வது எங்கள் பார்வையில் நல்ல வழக்கம்.