வீட்டு நிலத்தைப் புதுப்பிக்குமுன்

பொங்கல் கழிந்து நெல் வீடு வந்து சேர்ந்தபின் நம் கிராமங்களில் வீடு திருத்தும் பேச்சு எழுவது வழக்கம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை பணம் அனுப்பியதும், அல்லது மகளின் கலியாணம் நிச்சயமானதும், வெடித்துப்போன நிலமே முதலில் நினைவுக்கு வருகின்றது. மறுநாளே மேசனை அழைத்துக் கொத்தத் தொடங்குவோரும் உளர். உடைந்த கூரை ஓடொன்றை மாற்றுவது போன்றதன்று இவ்வேலை. கிளறிய நிலத்தை அரைகுறையாக விட இயலாது. முடியும்வரை வீட்டார் படுக்க இடமின்றி அவதியுறுவர். நடுவழியில் பணம் தீர்ந்தால் பெட்டியிலுள்ள நகை அடகுக்குப் போகும். ஆதலின், உளியும் சுத்தியலும் வீட்டினுள் வருமுன்னரே இல்லத்தரசிகள் சில காரியங்களைத் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

எமது பாட்டிமார் மண் நிலத்தைச் சாணியால் மெழுகி வாழ்ந்தனர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அக்காலத்தையொட்டிக் கட்டிய வீடுகளில் காவி கலந்து இழைத்த சிவப்பு நிலங்களை இன்றும் காணலாம். 1990 இல் போர் காரணமாக அவ்வாலை நின்றது. தொடர்ந்த ஆண்டுகளில் வடக்கிற்குச் சீமெந்து கொண்டுவருவதும் தடைப்பட்டது. அதனால் திருத்தப்படாமலே பழுதடைந்த நிலங்கள் பல. எனினும் பழையதெல்லாம் பழுதானதன்று.

முதலில் சோதனை செய்யுங்கள். தடியொன்றின் மொட்டை முனையால் முழத்துக்கு முழம் நிலத்தைத் தட்டிப் பாருங்கள். இறுகிய ஒலி எழுமிடம் நன்றாயுளது. பொள்ளலாக ஒலிக்குமிடத்தில் மேற்பூச்சு அடியிலிருந்து பிரிந்துவிட்டது. அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுக. வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாயின், அவற்றை மட்டும் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டாற் போதும். அறையின் பாதிக்கு மேற்பட்டால் பூச்சு முழுவதையும் அகற்றுதல் நன்று. நிலம் தாழ்ந்து சுவரோரத்தில் இடைவெளி தோன்றியிருப்பின், குறை பூச்சில் இல்லை, அடிமண்ணில் உளது. அதன்மேல் எத்துணை விலையுயர்ந்த ஓட்டைப் பதித்தாலும் அதுவும் தாழ்ந்து வெடிக்கும். அத்தகைய நிலத்தைத் தோண்டி, ஆறங்குலத்துக்கு ஒரு படையாக மண்ணிட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்குதல் அவசியம்.

சிவப்பு நிலம் மங்கியது ஒன்றே குறையாயின் அதனை உடைக்க வேண்டா. சவர்க்கார நீரால் பழைய மெழுகையும் அழுக்கையும் போக்கி, நன்கு உலரவிட்டு, மெல்லிதாகப் புது மெழுகிட்டுப் பொச்சுமட்டையால் அழுத்தித் தேய்த்தால் மினுக்கம் திரும்பிவிடும். செலவோ மிகச் சொற்பம்.

அடுத்தது ஈரம். இதனை மாரிகாலத்திலேயே அறிதல் வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் அதன் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தால் நிலத்தின் ஊடாக ஈரம் ஏறுகின்றது என்பது தெளிவு. அப்படியாயின், புதிய கொங்கிறீற்றின் கீழே தடித்த பொலித்தீனை விரித்து, அதனைச் சுவரோரத்தில் சற்று மேலே மடித்துவிடும்படி மேசனிடம் சொல்லுங்கள். வெண்மையாக உப்புப் பூக்கும் நிலத்தில் காரணம் பெரும்பாலும் ஈரமும் உப்பும் சேர்ந்ததே. கடல் மணலையும் உவர்க் கிணற்று நீரையும் சாந்துக்குச் சேர்க்கலாகாது. நன்னீரை வெளியிலிருந்து கொணர நேர்ந்தாலும் அச்செலவு வீணன்று.

மூன்றாவது உயரம். பழைய நிலத்தின்மேற் சாந்திட்டு ஓடு பதிப்பின் நிலம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயரும். அப்பொழுது கதவுகளின் அடியை அறுக்க நேரும். வாசலில் ஒரு படி மட்டும் மற்றவற்றிலும் வேறுபட்டு இருளிற் கால் தடுக்கும். விறாந்தை நிலம் எட்டடிக்கு ஓரங்குலமாவது முற்றத்தை நோக்கிச் சரிதல் வேண்டும்; இன்றேல் சாரல் நீர் வீட்டினுள் வரும்.

சீமெந்து நிலமே போதுமென்போர் காலத்தையும் பார்க்க. மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. சோளகம் வீசத் தொடங்கினால் பூச்சு விரைவில் உலர்ந்து மயிரிழையாக வெடிக்கும். அக்காலத்திற் செய்ய நேரின் யன்னல்களை மூடி வைத்துக்கொள்க. மேற்பூச்சுக்குச் சீமெந்து ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் கலப்பது வழக்கம். மேலே நீர் கசிகின்றதென்று உலர்ந்த சீமெந்துத் தூளைத் தூவி உறிஞ்சவிடுதல் தவறு. அத்தகைய நிலம் பின்னர் தூசாக உதிரும். பூசிய மறுநாள் முதல் ஏழு நாட்களுக்கு நனைந்த சாக்குகளால் மூடி, காயாமற் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏழு நாளும் மேசனுடையவை அல்ல, வீட்டாருடைய பொறுப்பு.

மாபிள் எனப் பேச்சில் வழங்கும் தரையோடுகளை வாங்குவோர் கணக்கை முன்னரே போடுக. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள அறை 120 சதுர அடி. இரண்டடிச் சதுர ஓடு ஒன்று நான்கு சதுர அடியை மூடுமாதலால் 30 ஓடுகள் தேவை. வெட்டுக்கும் உடைவுக்கும் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று ஓடுகள், மேலதிகமாக வாங்குக. பின்னொருகால் அதே நிறம் கடையிற் கிடையாது.

நிறத்திலும் முக்கியம் வழுக்காமை. கண்ணாடிபோல் மின்னும் ஓடு விருந்தினரை மகிழ்விக்கும். ஆனால் கிணற்றடியிலிருந்து ஈரக் காலுடன் வரும் முதியவளுக்கு அதுவே ஆபத்து. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மீண்டும் முன்போல் நடமாடுவதில்லை. ஆகவே விறாந்தைக்கும் குசினிக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான ஓடுகளையே தெரிந்தெடுங்கள். கடையில் ஒன்றை நீரால் நனைத்து வெறுங்காலால் மிதித்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

இறுதியாக, வேலையை அறை அறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளறையில் தொடங்கி வாசலில் முடித்தால் புதிய நிலத்தை மிதித்துச் செல்ல நேராது. ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்குமாதலால் குழந்தைகளை அண்டவிடாதீர்கள். ஓடு வெட்டும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. நீர் விட்டு, வெளியில் வைத்து வெட்டச் செய்க. கையிலுள்ள பணம் ஓர் அறைக்கே போதுமாயின் இவ்வாண்டு ஓர் அறையை மட்டும் செவ்வனே முடியுங்கள். அயல்வீட்டு மினுக்கத்தைப் பார்த்து அடகு வைத்த நகை, நிலம் தேய்ந்த பின்னும் மீளாதிருக்கக்கூடும்.