பழுதுபார்த்துக் கட்டுகிறவர்களுக்கு



இந்த வாரத் தியானப் பகுதி: நெகேமியா 3, 5 ஆகிய அதிகாரங்கள், லேவியராகமம் 14:33–53.

மம்சாபுரத்தில் பழைய வீடொன்றை விலைக்கு வாங்கி, அதைச் செப்பனிட்டுக் குடியேறுவது எளிய காரியமல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். ராஜபாளையத்து ஆலையிலோ, தோப்பு வேலையிலோ பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் பத்திரப்பதிவோடு தீர்ந்துபோகிறது. வீடு கைக்கு வந்த பிறகுதான் உத்தரத்தில் கரையான் இருப்பதும், மேற்குச் சுவர் ஈரம் காப்பதும், மின்கம்பிகள் இற்றுப்போயிருப்பதும் தெரியவருகின்றன. ஐப்பசி மழை மலையடிவாரத்துக்கு வருமுன் கூரையையாவது மாற்றியாக வேண்டும். அந்த வேளையில் நமக்குத் துணை நிற்பது யார்? மைத்துனர் மண் சுமக்கிறார். சித்தப்பா விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து மேற்பார்வை செய்கிறார். அக்காள் தன் வளையலைக் கழற்றித் தருகிறாள். அம்மா பத்துப் பேருக்குச் சமைக்கிறார். உறவினரின் கைகள் இல்லாமல் நம்மில் அநேகருக்கு வீடு என்பதே இல்லை.

இந்தக் கைகளைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். உறவினரின் உதவி தேவன் அருளும் ஈவு; ஆனால் அது கணக்கற்ற ஈவு அல்ல. அதை நினைவில் வைக்காத, எழுதி வைக்காத, திருப்பிச் செலுத்தாத குடும்பத்தில் சுவர் நிமிர்கிறது, உறவு சாய்கிறது. வீட்டுப் பிரதிஷ்டைக்குத் தேதி குறிக்குமுன் இந்தக் கணக்கை நேராக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நெகேமியாவின் 3-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அது வெறும் பெயர்ப்பட்டியல் என்று தோன்றுகிறது. சற்று நின்று வாசியுங்கள். இடிந்த அலங்கத்தை யார் யார், எந்த இடத்தில், யாருக்கு அருகில் நின்று பழுதுபார்த்தார்கள் என்பதை ஆவியானவர் ஒவ்வொருவராகப் பதிந்து வைத்திருக்கிறார். முதலாவது கை வைத்தவன் பிரதான ஆசாரியனாகிய எலியாசிப். தட்டாரும் தைலக்காரரும் தங்கள் தொழிலை விட்டுக் கல் சுமந்தார்கள். பென்யமீனும் அசூபும் தங்கள் வீட்டுக்கு எதிரே கட்டினார்கள். மெசுல்லாம் தன் அறைக்கு எதிரே கட்டினான். 12-ஆம் வசனத்தில், எருசலேமின் பாதிக்குப் பிரபுவான சல்லூமும் அவனுடைய குமாரத்திகளும் வருகிறார்கள். அந்தப் பெண்கள் வீட்டில் இருந்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் வந்தார்கள், கட்டினார்கள். வேதம் அதை மறைக்கவில்லை. தெக்கோவா ஊராரின் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதும் அதே பட்டியலில் மறையாமல் நிற்கிறது.

உங்கள் வீட்டுக்கு உழைத்தவர்களின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? பட்டாவில் ஒரு பெயர் இருக்கிறது. புதுமனை அழைப்பிதழில் சில பெயர்கள் இருக்கின்றன. கலவை சுமந்த தம்பியின் பெயரும், நகையைக் கொடுத்த சகோதரியின் பெயரும் எதில் இருக்கின்றன?

அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்தது என்று 6-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அந்தச் செய்திக்கு முன்னே 5-ஆம் அதிகாரம் இருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்களிடத்தில் பெரிய முறையிடுதல் உண்டாயிற்று. பஞ்சத்தாலும் வரியாலும் நெருக்கப்பட்டவர்கள் தங்கள் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்திருந்தார்கள். பிள்ளைகளை அடிமைத்தனத்துக்கு உட்படுத்தும் நிலைக்கு வந்திருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல, சொந்தச் சகோதரர். ஒரே மதிலை ஒருங்கே கட்டிய ஜனத்துக்குள்ளே இந்த நெருக்கம் இருந்தது. நெகேமியா, மதில் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கவில்லை. சபை கூட்டினான், நிலத்தையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னான், ஆசாரியர்களை அழைத்து ஆணையிடுவித்தான். கல்லில் உண்டான திறப்பை அடைப்பதற்கு நிகராக, உறவில் உண்டான திறப்பை அடைப்பதையும் கர்த்தருடைய வேலையாகவே அவன் எண்ணினான்.

பிரியமானவர்களே, நம் குடும்பங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அடகுக்குப் போன வளையல் மீட்கப்படுவதற்குள் வட்டி ஏறுகிறது. கேட்டால் தம்பியின் முகம் வாடும் என்று அக்காள் வாய் திறப்பதில்லை. புகுந்த வீட்டில் அவள் ஒவ்வொரு திருமணத்துக்கும் வெறுங்கையோடு போய் நிற்கிறாள். இன்னொரு பக்கம், இரண்டு மாதம் கூலியில்லாமல் உழைத்த மைத்துனர், அந்த வீட்டில் தமக்கும் ஒரு பங்கு உண்டென்று மனதுக்குள் எண்ணத் தொடங்குகிறார். கொடுத்தவர் கடன் என்று நினைத்தார். வாங்கியவர் அன்பளிப்பு என்று நினைத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் அது வழக்காகிறது.

உறவுக்குள் கணக்கு எழுதுவது அன்புக்குக் குறைவல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. நம் ஊர் வழக்கத்தில் அண்ணன் தம்பிக்குள் சீட்டு எழுதுவது அவமானமாக எண்ணப்படுகிறது. ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோமே! அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. வாங்கியதை மறவாமல் திரும்பச் செய்வதற்காகவே அந்த நோட்டு இருக்கிறது. வீட்டு வேலைக்கும் அப்படி ஒரு நோட்டு போதும். பணமாக வந்தது எவ்வளவு, அது கடனா ஈவா, யார் எத்தனை நாள் உழைத்தார்கள் என்று இரு தரப்பும் அறிய எழுதுங்கள். ஈவாகக் கொடுப்பவர், ஈவு என்று தம் வாயால் சொல்லிக் கொடுக்கட்டும். பிறகு அதைச் சொல்லிக் காட்டாதிருக்கட்டும்.

பெற்றோரின் பணம் வீட்டில் இறங்குமானால் இன்னும் கவனம் வேண்டும். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் மரித்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கே கொடுக்கிறது. செலோப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று கேட்டபோது, அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்பளித்தார் (எண்ணாகமம் 27). மகனுடைய கூரைக்கு அப்பாவின் சேமிப்பு முழுவதும் போகுமானால், மகளும் அதை அறிந்திருக்கவேண்டும்.

கூலிக்காரர் காரியமும் இதனோடு சேர்ந்தது. சொந்தக்காரர் கை கொடுத்ததால் மிச்சமான பணத்தை ஓடுகளுக்கும் வர்ணத்துக்கும் செலவழித்துவிட்டு, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பாக்கி வைப்பது தகாது. அயலானிடம் கூலி கொடாமல் வேலை வாங்கி வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி கூறுகிறார். அது ஒரு ராஜாவின் அரண்மனையைப் பற்றிய வார்த்தை. இரண்டு அறை வீட்டுக்கும் அது பொருந்தும்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றிய பிரமாணம் இருக்கிறது. ஆசாரியன் வந்து பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைத்து வைக்கிறான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வேறு கற்களை வைத்து, வேறு சாந்தைப் பூசச் சொல்லுகிறான். மேலே பூசி மறைக்க அவன் சம்மதிப்பதில்லை. நம் ஊர்ப் பழைய கொத்தனார்களும் இதையே சொல்லுவார்கள். மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து விழும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் கூரையையும் வடிகாலையும் சீர்செய்யவேண்டும், பழைய சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே தகும், வர்ணம் கடைசியில். குடும்ப மனஸ்தாபமும் அப்படியே. புதுமனை விருந்து அதன்மேல் பூசும் பூச்சாக இருக்கக்கூடாது.

உங்கள் கூரையில் சீமை ஓடு இருக்குமானால் அதையும் ஒருமுறை நோக்கிப் பாருங்கள். மங்களூரில் 1865-ஆம் ஆண்டு அந்த ஓட்டுக்கு முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது பாசல் மிஷன். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதால் உறவையும் தொழிலையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமென்பது அந்த மிஷன் தொழில்களின் நோக்கங்களில் ஒன்று. இரத்த உறவு கைவிட்டவர்களுக்குச் சபை உறவாயிற்று. மம்சாபுரத்திலும், மைத்துனரும் சித்தப்பாவும் இல்லாத விதவைகளின் வீடுகள் ஒழுகத்தான் செய்கின்றன. எலியாசிப் முதலில் கை வைத்ததுபோல, அங்கே போதகரும் மூப்பரும் வாலிபரும் முதலில் ஏணி பிடிக்கவேண்டும்.

ஆகவே, வீடு பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லுவது இது. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கச் சொன்ன உபாகமம் 22-ஆம் அதிகாரத்தை நினைத்து, பிறர் உயிருக்கு ஆபத்தான படியையும் மின்கம்பியையும் முதலில் சரிசெய்யுங்கள். கூலியைத் தீருங்கள். அடகு நகையை மீட்பதற்கு ஒரு மாதத்தைக் குறித்து, அதைச் சகோதரியிடம் சொல்லுங்கள். நிலைவாசலின் வேலைப்பாடு ஓராண்டு பிந்தினால் குற்றமில்லை. பிரதிஷ்டை நாளில் ஜெபத்துக்கு முன், உழைத்தவர்களின் பெயர்களைச் சிறியவர் பெரியவர் என்று பாராமல் யாவரும் கேட்க வாசியுங்கள். சமைத்தவர்களின் பெயரையும் விட்டுவிடாதிருங்கள்.

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் வீடுகளுக்காகத் தோள் கொடுத்தவர்களை நாங்கள் மறவாதிருக்கக் கிருபை தாரும். நாங்கள் செலுத்தவேண்டியதை மனமுவந்து செலுத்தவும், கொடுத்ததைப் பாரமாக்காதிருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஒழுகுகிற கூரையின் கீழ் இருக்கிறவர்களிடத்தில் எங்களை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.