இழப்பீட்டைச் சட்டத்தில் எழுதுங்கள்

மாண்புமிகு கர்நாடக முதலமைச்சர் அவர்களுக்கும் மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கும்,

பெங்களூரில் வாழும் தமிழன் எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரில் பஹல்காம் அருகே ஒரு புல்வெளியில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜம்மு காஷ்மீர் அரசு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒன்றுபோல 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. அதற்கு மேல் என்ன கிடைக்கும் என்பதை, இறந்தவர் எந்த மாநிலத்துக்காரர் என்பதே முடிவு செய்தது. மகாராஷ்டிரம் 50 இலட்சமும் அரசு வேலையும் அறிவித்தது. ஒடிசா 20 இலட்சமும் வேலையும். கர்நாடகம் 10 இலட்சம். ஒரே புல்வெளியில், ஒரே கும்பலிடம் கணவனைப் பறிகொடுத்த பெண்களுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு எதற்கு?

ஆறு வாரம் கழித்து, ஜூன் 4 அன்று, பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். முதலில் 10 இலட்சம் என்றது கர்நாடக அரசு. ஊர் கொதித்ததும் சில நாளில் அது 25 இலட்சமாயிற்று. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்ததில் எனக்குத் துளியும் மனக்குறை இல்லை. ஆனால் 10 எந்தக் கணக்கில் 25 ஆனது? அந்தக் கணக்கு பஹல்காமில் இறந்த நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் பொருந்தவில்லை?

இதைவிடக் கொடுமை 2022 ஜூலையில் நடந்தது. தட்சிண கன்னட மாவட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றைய முதலமைச்சர் ஒரு வீட்டுக்கு நேரில் போனார். அந்தக் குடும்பத்துக்கு 25 இலட்சமும் கிடைத்தது. மற்ற இரண்டும் முஸ்லிம் வீடுகள். அவர்களுக்கு அதே தொகை கிடைக்க, 2023இல் ஆட்சி மாற வேண்டியிருந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் தேர்தல் முடிவுக்காகக் காத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

ஒன்றிய அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. பயங்கரவாதம், மதக்கலவரம், நக்சல் வன்முறை ஆகியவற்றில் பாதிக்கப்படுவோருக்கு 2008 முதல் 3 இலட்சம் என்றிருந்த உதவித்தொகை 2016இல் 5 இலட்சமானது. அதையும் கையில் தருவதில்லை. வங்கியில் மூன்றாண்டு வைப்பாகப் போட்டு, அதுவரை வட்டியை மட்டும் தருகிறார்கள். 7 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் மூவாயிரம் ரூபாய்கூடத் தேறாது. பெங்களூரில் ஒற்றை அறைக்கு வாடகை கட்டவும் இது காணாது.

காயம்பட்டவர் நிலை இன்னும் மோசம். நிரந்தர ஊனம் 50 சதவீதத்தைத் தொட்டால்தான் அந்தத் தொகை. 2024 மார்ச் 1 அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில், புரூக்ஃபீல்டு இராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. காயமடைந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை மாநில அரசு ஏற்றது, நல்ல காரியம். ஆனால் குண்டுக் காயம் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றோடு ஆறிவிடுவதில்லை. மந்தமாகிப்போன காது, முகத்தில் தீக்காயத் தழும்பு, குக்கர் விசில் கேட்டாலே பதறும் நெஞ்சு, இதற்கெல்லாம் எந்த டாக்டர் 50 சதவீதம் என்று எழுதித் தருவார்?

பஸ் மோதி ஒருவர் இறந்தால், அவர் மனைவி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இறந்தவரின் வயது, சம்பளம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தொகை நிர்ணயிக்கிறார்கள். அது அவருடைய உரிமை. யார் தயவும் வேண்டியதில்லை. குண்டுக்குக் கணவனைக் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் மந்திரியின் அறிவிப்பே கதி?

குண்டு வைத்தது அரசா என்று கேட்பவர்கள் உண்டு. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான வழக்கில் 1996இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குடிமக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை. தவறினால் இழப்பீடு தந்தாக வேண்டும் என்று சொல்லி 3.5 இலட்சம் தர உத்தரவிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த நீதி அது.

ஆகவே கேட்கிறேன். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கொண்டுவாருங்கள். எந்த மாநிலம், எந்த மதம் என்று பாராமல் உயிரிழப்புக்கு ஒரே அடிப்படைத் தொகை. அதற்கு மேல், பறிபோன வருமானத்துக்கு விபத்துத் தீர்ப்பாயம் போடுவதைப் போன்ற கணக்கு. 50 சதவீத வரம்பை எடுத்துவிட்டு, காயத்துக்கு ஏற்ற தொகை கொடுங்கள். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் அதை உயர்த்துங்கள். வாரிசுச் சான்றுக்கும் எஃப்.ஐ.ஆர். நகலுக்கும் துக்க வீட்டுக்காரர்களை அலையவிடாமல், அதிகாரியை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஒன்றிய சட்டம் வரும்வரை கர்நாடகம் காத்திருக்கத் தேவையில்லை. முதலமைச்சர் அவர்களே, அடுத்த சட்டமன்றக் கூட்டத் தொடரிலேயே மாநில அளவில் ஒரு மசோதாவைக் கொண்டுவாருங்கள்.